மேல் வீட்டுக் குளியலறையும் கீழ் வீட்டுக் கூரையும்: வாடகைக்கு விட்ட பதின்மூன்று ஆண்டுகள்

கடந்த மாதம் எங்கள் மேல் வீட்டுக் குளியலறையை உடைத்து மறுபடியும் கட்டினோம். பதினொரு நாள் வேலை, 38,500 ரூபாய் செலவு. கடைசி டைல்ஸ் பதித்த அன்று மாலை, என்னோடு நெடுங்காலம் பணிபுரிந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சேலத்தில் அழகாபுரம் பக்கம் 65 லட்சத்துக்கு ஒரு மாடி வீடு வந்திருப்பதாகவும், இரண்டு குடும்பங்களுக்கு விட்டால் மாதம் 20,000 ரூபாய் கிடைக்கும் என்றும் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். சிமெண்டுத் தூசி இன்னும் தொண்டையில் இருந்த நேரம் அது. வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒருவர் வாழ்நாள் சேமிப்பை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு அப்படி வெடுக்கென்று விடை சொன்னது நியாயமில்லை என்று மறுநாள் தோன்றியதால், விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சி செல்லும் சாலையின் ஒரு கிளைத் தெருவில் இருக்கிறது. மனை தந்தையார் வாங்கியது, கீழ் வீடும் அவர் கட்டியது. 2012இல் வங்கிக் கடன் ஏழு லட்சமும் கைப்பணம் நான்கு லட்சமும் போட்டு மேல்தளம் எழுப்பினேன். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, வடக்குப் பார்த்த ஒரு சிறிய வராந்தா. அங்கே நின்றால் சேர்வராயன் மலை முழுதாகத் தெரியும் என்பதைத் தரகர் ஒவ்வொரு முறையும் என்னைவிட உற்சாகமாகச் சொல்வார். முதல் வாடகை 6,500 ரூபாய், இப்போது 13,500. இதுவரை நான்கு குடும்பங்கள் குடியிருந்திருக்கின்றன. இடையிடையே வீடு காலியாகக் கிடந்தது மொத்தம் ஒன்பது மாதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு அதற்கான மனநிலை இருக்காது. வாடகை நோட்டைக் கூட்டிப் பார்த்தால் பதினான்கு லட்சத்துக்குச் சற்று மேல் வந்திருக்கிறது. கட்டிய செலவு அசலாகத் திரும்பிவிட்டது, வட்டியின் ஒரு பகுதியும் வந்துவிட்டது. நால்வரில் எவரும் வாடகையை ஏமாற்றிவிட்டுப் போகவில்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது அப்போது குடியிருந்த கல்லூரி விரிவுரையாளர் பாதிச் சம்பளத்தில் இருந்தார். நான்கு மாதம் பாதி வாடகை கொடுத்தால் போதும் என்றேன். மறு ஆண்டு நான் கேட்காமலேயே மீதிப் பாதியை மாதம் ஆயிரமாகச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்து முடித்தார். இப்போது இருக்கும் குடும்பத்தின் ஏழு வயதுப் பெண்ணுக்கு மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் ஓசை எனக்கு முன்பே கேட்டுவிடும். "தாத்தா, தண்ணி ரொம்பிடுச்சு" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்து மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகிறாள். ஒப்பந்தத்தில் எழுதாத சேவை இது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் என்னை வாட்டிய ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் தெருவில் காவிரிக் குடிநீர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் தரைத்தொட்டியில் பிடித்துவைத்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம். குளிக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாம் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். அது கடும் உப்பு. கால்சியமும் மெக்னீசியமும் கலந்த அந்தத் தண்ணீர் கெய்சரில் சூடானதும் சுண்ணாம்பாகப் படிந்து கம்பியை மூடிவிடும். குழாய் முனைகளில் வெள்ளையாகப் பூக்கும். ஃப்ளஷ் டேங்கின் மிதவை வால்வில் படிந்து அதை முழுதாக மூடவிடாமல் செய்யும். அப்போது தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மேல்நிலைத் தொட்டி காலியாகும், மோட்டார் ஓடும், மின் கட்டணம் ஏறும். மோட்டார் என் மீட்டரில் இருப்பதால் அந்தக் கட்டணமும் என் தலையில்தான் விழும். இது எல்லா ஊரிலும் உள்ள தொல்லைதானே என்று கேட்கலாம். உப்புத் தண்ணீர் ஊரில் இதன் வேகம் வேறு என்பதை வாஷர் வாங்கிய பில்களைக் காட்டி என்னால் நிரூபிக்க முடியும்.

ஆனால் இவை எல்லாம் சில்லறைச் சங்கடங்கள். பெரிய சங்கடம் 2018 ஆகஸ்டில் எங்கள் சாப்பாட்டு அறையின் கூரையில் ஓர் உள்ளங்கை அளவு மஞ்சள் வட்டமாகத் தொடங்கியது. அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை இருக்கிறது. மாடிக் குளியலறையின் தளத்தை மற்ற அறைகளைவிட ஓரடி தாழ்த்திக் கான்கிரீட் போட்டு, அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களை ஓடவிட்டு, உடைகல் நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பார்கள். கொத்தனார்கள் இதைச் 'சங்கன்' என்பார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே வராது. அந்தப் பள்ளத்தில் குளம்போல் தேங்கி நின்று, மாதக்கணக்கில் கான்கிரீட்டில் ஊறி, தனக்குத் தோன்றிய இடத்தில் கசியும். மேலே குடியிருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவருடைய குளியலறை பளிச்சென்றே இருக்கும். கீழே இருப்பவன் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

அப்போது மேலே இருந்தவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அமைதியான மனிதர், ஐந்தாம் தேதிக்கு முன்பே வாடகை கொடுத்துவிடுவார். தண்ணீரைப் பார்த்துப் புழங்குங்கள் என்று சொன்னேன். சரிங்க என்றார். வட்டம் வளர்ந்தது. வாளியைத் தளத்தில் தூக்கிப் போட்டு டைல்ஸை உடைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு டைல்ஸிலும் விரிசல் இல்லை என்பதை மேலே போய்ப் பார்த்த பிறகும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டு பூசி, கூரைக்கு வண்ணம் அடித்து, 2019 மே மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தில் 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் எதுவும் பேசவில்லை. மீதியை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளைச் சிமெண்டு மூன்று ஆண்டு தாங்கியது. 2022இல் வட்டம் திரும்பி வந்தது, மறுபடி பூசினோம். இந்த ஆண்டு மின்விசிறியின் கொக்கி வழியாகச் சொட்டத் தொடங்கியபோது, மின்சாரத்தை நினைத்துப் பயந்து விசிறியைக் கழற்றிவிட்டு, வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். தரைத் தண்ணீர் வடியும் துளையான நஹானி டிராப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் இடுக்கைச் சுரண்டினார். சிமெண்டு மணலாக உதிர்ந்தது. என்னைப் பார்த்து, "ஆசிட் ஊத்தறீங்களா சார்?" என்று கேட்டார்.

ஊற்றினோம். ஊற்றியது நான்தான். ஒவ்வொரு குடும்பமும் காலி செய்ததும், உப்பு படிந்து வெளுத்துக் கிடந்த குளியலறையை அடுத்தவருக்குக் காட்டுவதற்காக மளிகைக் கடையில் விற்கும் ஆசிட்டை இரண்டு மூன்று பாட்டில் வாங்கி ஊற்றி, நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து மகிழ்ந்து, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவேன். மீதியிருக்கும் பாட்டிலை வாஷ்பேசினுக்கு அடியில் வைத்து, "மாதம் ஒரு முறை கொஞ்சம் ஊற்றிக் கழுவுங்கள், புதுசு மாதிரி இருக்கும்" என்று புதிதாக வருபவர்களுக்கு அறிவுரையும் சொல்வேன். உப்புப் படிவும் சுண்ணாம்பு, இடுக்கில் இருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளைக் கறை போவதைத்தான் நான் பார்த்தேன், கூடவே இடுக்கு கரைந்து போனதைப் பார்க்கவில்லை. கொலுசுப் பட்டறைக்காரர் என் பேச்சை மீறாமல் மாதந்தோறும் ஊற்றியிருக்கிறார் என்பதே அவர் செய்த குற்றம்.

சட்டமும் என் பக்கம் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மாற்றி, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணையே போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாத வரை, குழாய் வாஷர், கழிவறை, கெய்சர், சுவிட்சு போன்றவற்றின் பழுதைக் குடியிருப்பவர் பார்க்க வேண்டும். கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த மூன்றாம் மாதம் நான் அந்த 8,000 ரூபாயைப் பிடித்திருக்கிறேன். எங்களுக்குள் இருந்தது பழைய வழக்கப்படி பதினோரு மாதத்துக்கு எழுதிய ஸ்டாம்ப் பேப்பர். அதில் பழுது பற்றி ஒரு வரியும் இல்லை, மாடியில் அம்மி வைத்து அரைக்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. இப்போதைய குடும்பத்தோடு செய்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் பதிந்திருக்கிறேன். முன்பணமும் சட்டம் சொல்லும் மூன்று மாத வாடகைதான். எங்கள் தெருவில் இன்னும் பத்து மாதம் கேட்கிறார்கள், என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றும் சொல்கிறார்கள்.

நண்பரின் கணக்குக்கு வருகிறேன். 65 லட்சத்துக்கு ஆண்டு வாடகை 2,40,000 என்றால் 3.7 விழுக்காடு. அதில் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வண்ணம், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், ஒவ்வொரு முறையும் தரகருக்கு ஒரு மாத வாடகை. இவை போக மூன்று விழுக்காடு நின்றால் அதிர்ஷ்டம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்ச வரம்பான 30 லட்சத்தைப் போட்டால், 2023 ஏப்ரல் முதல் உள்ள 8.2 விழுக்காட்டில் ஆண்டுக்கு 2,46,000 வருகிறது. பாதிக்கும் குறைவான பணத்தில் அந்த வீட்டின் வாடகையைவிட ஆறாயிரம் அதிகம். அஞ்சலகம் நம்மை நடு இரவில் எழுப்பி மோட்டார் போடச் சொல்வதில்லை.

ஆனாலும் இந்தக் கணக்கை இப்படியே விட்டால் அது என் கோபத்தின் கணக்காகிவிடும். அந்த வட்டி ஐந்து ஆண்டுக்கு ஒரே தொகைதான். என் வாடகை பதின்மூன்று ஆண்டில் இரட்டிப்பைத் தாண்டியிருக்கிறது. மனையின் விலை தனியாக ஏறுகிறது. வருமான வரியில், வாடகையிலிருந்து நாம் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 விழுக்காட்டைச் செலவு எதையும் காட்டாமலேயே தள்ளிவிடுகிறார்கள், வட்டிக்கு அப்படி விழுக்காட்டுக் கழிவு இல்லை. (அதே காரணத்தால் என் 38,500 ரூபாயைத் தனியாகக் கழிக்கவும் வழி இல்லை.) எனக்குக் கட்டுபடியானதற்கு உண்மையான காரணம் தந்தையார் வாங்கிப் போட்ட மனை, அதற்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. நண்பர் மனைக்கும் சேர்த்து இன்றைய விலை கொடுக்கப் போகிறார். என் அனுபவத்தைப் பார்த்து அவர் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு வேறுபாடே போதும்.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த ஆளுங்களுக்கு விடுவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் தாழ்ந்த குரலில் கேட்பார். வாடகை கொடுக்கிற ஆளுக்கு என்று நானும் அதே தாழ்ந்த குரலில் சொல்வேன். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் அநியாயம் செய்ததில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. அந்த எண்ணம்தான் 8,000 ரூபாய் விஷயத்தில் என்னைச் சந்தேகப்படாமல் வைத்திருந்தது போலும்.

பழுது பார்த்த பதினொரு நாளும் மேல் வீட்டார் நால்வரும் எங்கள் குளியலறையில்தான் குளித்தார்கள். காலை ஆறு மணிக்கே வரிசை. பள்ளத்தைத் தோண்டி, நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்து, கீழே ஈரம் இறங்கவில்லை என்று உறுதியான பிறகே நிரப்பினார்கள். இடுக்குகளுக்கு இம்முறை ஆசிட் தின்னாத எபாக்ஸி. உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு போதும் என்று பிளம்பர் சொன்னார். அதையும் அடிக்கடி ஊற்றாதீர்கள் என்று, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நண்பருக்கு என் பதில் அதேதான்: வாங்க வேண்டாம். அப்படியென்றால் நீங்கள் மாடியை வாடகைக்கு விடுவதை நிறுத்திவிடுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். நிறுத்த மாட்டேன் என்றேன். பின்பக்கத்துக் காலி இடத்தில் சிறியதாக ஒரு போர்ஷன் கட்ட என்ன ஆகும் என்று அதே கொத்தனாரிடம் போன வாரம் கேட்டிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதன் குளியலறை யாருடைய தலைக்கு மேலும் வராது.

கொலுசுப் பட்டறைக்காரரின் எண் என் தொலைபேசியில் 'மேல் வீடு 2' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. நடந்ததை நான்கு வரியில் எழுதி, 8,000 ரூபாயை இந்த எண்ணுக்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தேன். ஒன்பது நாளாகிறது. இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கின்றன, பதில் வரவில்லை.