எண்ணெய்க்கு எந்த உறை: அரபிக் கோந்தா, ஓஎஸ்ஏ ஸ்டார்ச்சா?

ஆளிவிதை எண்ணெயைத் தெளிப்பு உலர்த்தல் முறையில் (கரைசலைச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்துவது) பொடியாக்க உறைப்பொருள் தேடியபோது, அரபிக் கோந்தும், ஆக்டெனில் சக்சினேட் சேர்த்து மாற்றிய ஓஎஸ்ஏ ஸ்டார்ச்சும் கடைசிவரை போட்டியில் நின்றன. நான் ஸ்டார்ச்சைத் தேர்ந்தேன். இரண்டும் நீரில் கரையும், இரண்டும் உணவுக்கு ஏற்றவை என்பதில் விவாதமில்லை. ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக உடைத்துப் பெறும் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு, எண்ணெயை நீரில் நுண்துளிகளாகப் பிரியாமல் கலந்து வைக்கும் பால்மமாக்கும் திறன் இல்லாததால், அது துணைக்கு மட்டுமே உதவும்.

எனக்கு முடிவைச் சொன்னது மேற்பரப்பு எண்ணெய்தான். ஆளிவிதை எண்ணெயில் பாதி அளவுக்கு ஆக்சிஜன் பட்டால் எளிதில் கெடும் ஆல்பா லினோலெனிக் அமிலம் இருப்பதால், உறைக்குள் அடங்காமல் துகளின் மேல் தங்கும் எண்ணெய் விரைவிலேயே காற்றுபட்டுச் சிக்கு வாடை வீசத் தொடங்கும், பொடியும் கட்டிதட்டும். பொடியை ஹெக்சேனில் அலசி, வடித்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுத்துப் பார்ப்பதே முறையான சோதனை. ஆயினும் ஒரு சிட்டிகைப் பொடியை வெள்ளைத் தாளில் வைத்து, மடித்து, கட்டைவிரலால் அழுத்தினாலே பாதி விடை கிடைத்துவிடும். கோந்துப் பொடி தாளில் ஒளி ஊடுருவும் கறையை விட்டது; ஸ்டார்ச் பொடி விட்ட தடத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

உட்புகு காற்று 180 டிகிரி, வெளியேறும் காற்று 85 டிகிரி, ஒரு பங்கு எண்ணெய்க்கு நான்கு பங்கு உறைப்பொருள் என்பவை இரண்டுக்கும் பொதுவாக இருந்தமையால், வேறுபாடு உலர்த்தியில் அன்று, அதற்கு முந்தைய பால்மத்தில்தான் பிறந்தது. கோந்தின் பால்மமாக்கும் திறன் அதிலுள்ள சிறிதளவு புரதப் பகுதியைச் சார்ந்தது; மரத்தில் வடியும் பொருளாகையால் அந்தப் பகுதி மூட்டைக்கு மூட்டை மாறக்கூடும். எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும் ஹோமோஜினைசர் கருவியின் அதே அழுத்தத்தில் அடுத்த மூட்டைக் கோந்து பெரிய எண்ணெய்த் துளிகளைத் தந்தது. ஸ்டார்ச்சிலோ எண்ணெயைப் பற்றும் தொகுதிகள் ஆலையிலேயே அளவாக இணைக்கப்படுகின்றன. மேலும், பாகுத்தன்மை குறைந்த வகையைக் கொண்டு 40 சதவீதத் திடப்பொருள் வரை கரைசலைச் செறிவாக்க முடிந்ததால், தெளித்த துளியின் மேல் தோல் சீக்கிரம் படிந்தது.

எனினும் எண்ணெயை அடைப்பது வேறு, ஆக்சிஜனைத் தடுப்பது வேறு; இரண்டாவதில் ஸ்டார்ச் தனியாக வலுவற்றது. அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக டிஇ (ஸ்டார்ச் எந்த அளவுக்கு உடைந்துள்ளது என்பதைக் காட்டும் எண்) 20 அளவிலான மால்டோடெக்ஸ்ட்ரினைச் சேர்த்தபோது உறை நெருக்கமாயிற்று. டிஇ இன்னும் உயர்ந்தால் பொடி உலர்த்தியின் சுவரில் ஒட்டும். ஆகவே அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஆரஞ்சு எண்ணெய் போன்ற நறுமண எண்ணெய்களில் நான் செய்த சோதனைகள் மிகச் சில. அவற்றில் நெடுங்காலமாக நல்ல பெயர் பெற்ற கோந்தை ஒதுக்கச் சொல்லமாட்டேன்.