திருகோணமலையில் சத்தியக் கடதாசி: வாசிக்காமல் ஒப்பமிடாத ஓர் அலுவலகம்

விளக்கமறியலில் இருந்த என் மைத்துனருக்காக மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவிருந்த பிணை மனுவுக்கு, மூதூரிலுள்ள மாமியின் சத்தியக் கடதாசி (உண்மையெனச் சத்தியம் செய்து அல்லது உறுதியுரைத்து ஒப்பமிடும் எழுத்து வாக்குமூலம்) தேவைப்பட்டது. மனுவைத் தயாரித்த சட்டத்தரணியும், இத்தகைய கடதாசிகளை அத்தாட்சிப்படுத்தும் அதிகாரமுள்ள சத்தியப்பிரமாண ஆணையாளர்தான். ஆயினும், தாம் தோன்றும் வழக்கில் தாமே அத்தாட்சிப்படுத்தச் சட்டம் இடமளிக்காது என்று கூறி, ஆணையாளரான வேறொரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு எங்களை அனுப்பினார்.

பல இடங்களில் அடையாள அட்டையைக்கூடப் பாராமல் முத்திரை குத்தித் தருவார்கள். இங்கோ, மாமிக்கு வாசிப்பு சரளமில்லை என்று அறிந்ததும், ஆணையாளர் ஒவ்வொரு பந்தியையும் உரக்க வாசித்து விளங்கப்படுத்தினார். சம்பவ நேரத்தில் மைத்துனர் வீட்டிலேயே இருந்தார் என்ற பந்தி வந்ததும் நிறுத்தி, "அம்மா, இதை நீங்கள் கண்ணால் கண்டீங்களா?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, மருமகள்தான் சொன்னவ" என்றார் மாமி. தன் சொந்த அறிவிலும் அவதானிப்பிலும் உள்ளதையே ஒருவர் சத்தியக் கடதாசியில் கூறலாம் என்பது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 181ஆம் பிரிவு வகுக்கும் அடிப்படை விதி என்று விளக்கி, அப்பந்தியை வெட்டி, ஓரத்தில் மாமியின் சுருக்கொப்பத்தையும் பெற்று, அதை மருமகளே தனிக் கடதாசியில் கூறட்டும் என்றார். தட்டச்சுக் கடையில் பழைய மாதிரியிலிருந்து அப்படியே வந்திருந்த "கிறிஸ்தவராகிய நான் சத்தியம் செய்து" என்ற தொடக்கமும், "இந்துவாகிய நான் பயபக்தியுடன் உறுதியுரைத்து" என்று அவர் கையாலேயே மாறியது. வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்ற குறிப்பை இறுதியில் சேர்த்த பின்னரே, தம் முன்னிலையில் ஒப்பமிடச் செய்தார்.

குறைகளும் உண்டு. இருக்கைகள் போதாது, போட்டோப் பிரதிக்கு வெளியே போகவேண்டும், ஆணையாளர் நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்டால் எப்போது திரும்புவார் என்று எழுதுவினைஞருக்கும் தெரியாது. கட்டணம் நியாயமானதே, ஆனால் பற்றுச்சீட்டு கேட்டால்தான் கிடைக்கும்.

ஊரிலுள்ள சமாதான நீதவானின் ஒப்பமும் சட்டப்படி செல்லும், பெரும்பாலும் செலவும் இராது. பாடசாலை அனுமதி போன்ற அலுவல்களுக்கு நான் அங்கேயே போவேன். ஆனால் குற்றவியல் வழக்கில், பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்துக்கும் சத்தியக் கடதாசிக்கும் இடையில் ஒரு முரண் கிடைத்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். பொய்யுரை எனத் தெரிந்தே ஒப்பமிட்டால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வெளிப்படுத்துநரே (கடதாசியில் கூற்றைக் கூறி ஒப்பமிடுபவரே) குற்றவாளியாவார். ஆகவே இத்தகைய தேவைக்கு இந்த அலுவலகத்தையே பரிந்துரைக்கிறேன். மூதூர், கிண்ணியாவிலிருந்து வருவோர் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. திருத்தங்கள் கூடினால் புதிதாக அச்சிட வேண்டியிருக்கும் என்பதால், வரைவின் மென்பிரதியையும் கையோடு கொண்டு வாருங்கள்.