நைதர்–நார் வந்தால் வாஸா, வேரா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பேங்க் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் படிக்கிறவர்களுக்கு ஆங்கில இலக்கணத்தில் 'அண்ட்' பெரிய விஷயமில்லை. ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்'; படகும் வலையும் இரண்டு, ஆகவே 'த போட் அண்ட் த நெட் வேர்'. வாக்குவாதம் கிளம்புவது 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று சொல்லும் 'நைதர்–நார்' வந்தால்தான். காசிமேட்டில் படகு ஓனரும் இல்லை, ஆட்களும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நைதர் த ஓனர் நார் த ஒர்க்கர்ஸ்' என்று எழுதியாயிற்று. அடுத்து வாஸா, வேரா?

தமிழில் இந்தத் தலைவலி கிடையாது. 'ஓனரோ ஆட்களோ வரவில்லை' என்போம். நானோ நீயோ பத்துப் பேரோ, 'வரவில்லை' அசையாது. அதனால் நம் காதை நம்பி இங்கே விடை எழுத முடியாது.

பள்ளி இலக்கணம் சொல்வது, வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார் என்று. பக்கத்தில் ஒர்க்கர்ஸ், ஆகவே வேர். இடம் மாற்றி 'நைதர் த ஒர்க்கர்ஸ் நார் த ஓனர்' என்றால் வாஸ். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இதுதான் மார்க் தரும். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. 'நைதர் யூ நார் ஐ ஆம்' இன்னும் மோசம். விதிப்படி சரி, ஆனால் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் சொல்லத் தயங்குவார்கள்.

அவர்கள் பேச்சில் வேறு வழி பிடிப்பதுண்டு. வராதது இரண்டு பேர், அதனால் பன்மை: 'நைதர் த ஓனர் நார் த டிரைவர் வேர்'. பேச்சுக்கு இது போதும். தேர்வில் எழுதினால் மார்க் போய்விடும்.

சொந்தமாகக் கடிதமோ கட்டுரையோ எழுதும்போது நான் இரண்டையும் விட்டு நழுவுவதையே விரும்புவேன். பன்மைப் பெயரைக் கடைசியில் வைத்தால் எந்த வழியில் போனாலும் வேர்தான். இல்லையென்றால் 'கேம்', 'வில்', 'கேன்' மாதிரி ஆளுக்கு ஆள் மாறாத வினையைப் போடலாம். தேர்வில் இந்தச் சலுகை இல்லை, வாக்கியத்தை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம், 'பக்கத்துப் பெயர்' விதியை மனப்பாடம் செய்தவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்'. 'த ஓனர், அலாங் வித் த ஒர்க்கர்ஸ், வாஸ்' என்பதே சரி. ஒர்க்கர்ஸ் எவ்வளவு நெருங்கி நின்றாலும் இங்கே கணக்கில் வரமாட்டார்கள்.