தண்டாலா, சறுக்குப்பலகையா: அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு உடல்தகுதித் தேர்வுகள்

தேர்வில் எதைக் கேட்பார்களோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். படைவீரர்களும் அப்படித்தான். அமெரிக்கத் தரைப்படையில் 1980 முதல் சுமார் 40 ஆண்டுகள் நடந்த தேர்வில் மூன்றே அங்கங்கள்: 2 நிமிடம் தண்டால், 2 நிமிடம் சிட்-அப், அப்புறம் 2 மைல் ஓட்டம். அதனால் அத்தனை ஆண்டுகளும் காலைப் பயிற்சி என்றாலே பெரும்பாலும் ஓட்டம்தான்.

அதன் இடத்தில் வந்த ஆறு அங்கத் தேர்வு 2022 அக்டோபரில் முறையாக நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூனில் பின்பக்கமாகப் பந்தெறிவதை மட்டும் நீக்கி ஐந்தாக்கினார்கள். டெட்லிஃப்ட் (தரையிலிருக்கும் எடைக்கம்பியைத் தூக்கி நிமிர்வது), கையைத் தரையிலிருந்து எடுத்துச் செய்யும் தண்டால், பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடம்பை நேராக அசையாமல் நிறுத்துவது), 2 மைல் ஓட்டம் ஆகியவற்றோடு ஓடி, இழுத்து, தூக்கிச் செல்லும் ஓர் அங்கமும் உண்டு.

இந்தக் கடைசி அங்கத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பாதை 25 மீட்டர்தான். போய்த் திரும்புவது ஐந்து முறை. முதலில் வெறும் ஓட்டம். அடுத்து 90 பவுண்டு எடை ஏற்றிய சறுக்குப்பலகையைப் பட்டையைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் ஓட்டம், அதன்பின் கைக்கொன்றாக 40 பவுண்டு கெட்டில்பெல்களை (கைப்பிடி வைத்த எடைக்குண்டுகள்) சுமந்து ஓட்டம், முடிவில் மறுபடியும் ஓட்டம். சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் பாதியிலேயே தொடை எரியும், பிடி தளரும். காயம்பட்ட தோழரை இழுத்து வருவதற்கும் வெடிமருந்துப் பெட்டிகளைச் சுமப்பதற்கும் இதைவிட நெருக்கமான ஒத்திகை பழைய தேர்வில் எதுவும் இல்லை. ஒல்லியாக, வேகமாக ஓடுகிறவர் அதில் அள்ளிய மதிப்பெண், முதுகில் 30 கிலோ ஏறியபின் அவர் என்ன ஆவார் என்பதைச் சொல்லவில்லை.

சிட்-அப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. எண்ணிக்கைக்காக இடுப்பை வெட்டி வெட்டி எழுவதைவிட, சுமை தாங்கும் நடு உடம்புக்கு பிளாங்க் நல்லது.

சரி, பழையது மட்டமா? இல்லை. ஒரு ஸ்டாப்வாட்சும் அளந்த சாலையும் இருந்தால் போதும், எந்த முகாமிலும் நடத்திவிடலாம். வீரரும் தனியாகவே தயாராகலாம். புதியதற்கு டெட்லிஃப்டுக்கான அறுகோணக் கம்பி, எடைத்தட்டுகள், சறுக்குப்பலகை எல்லாம் வேண்டும். மாதத்தில் ஒரு வார இறுதி மட்டும் படைக்கு வரும் பகுதிநேர வீரரை நினைத்துப் பாருங்கள். ஐந்து நாள் நாற்காலி வேலை, வீட்டில் குழந்தைகள். ஓடுவதற்குக் காலணி போதும், டெட்லிஃப்டுக்கு ஜிம் வேண்டும். எடை தூக்கக் கற்றுத்தர ஆளில்லாமல் தேர்வு நாளில் கனமான கம்பியைப் பிடித்தால் முதுகுக்கு ஆபத்து.

அதற்காக ஓட்டத்துக்கே திரும்பிவிடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். முழங்காலிலும் கணுக்காலிலும் முன்காலிலும் வரும் தேய்மானக் காயங்கள் படைகளின் பழைய தலைவலி, அதில் ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எந்நாளும் ஓடியே பழகிய காலுக்கு, வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவது ஓய்வும் ஆகும், வலுவும் ஆகும். எனவே என் ஓட்டு புதியதற்கே. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் கருவிகளும் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரும், தேர்வு நாளில் மட்டுமல்லாமல் மற்ற நாட்களிலும் வீரர்களுக்குக் கிடைக்க வேண்டும்.