லோட் ஷெடிங் பல்பு எரியவில்லையா? முதலில் ஹோல்டரைப் பாருங்கள்

லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்துக் கரண்ட் நிறுத்தும்போது, எரிவதற்கென்று டர்பன் கடைகளில் 9 வாட் ரீசார்ஜ் பல்பு பல பெயர்களில் கிடைக்கிறது. கரண்ட் இருக்கும்போது சாதாரண எல்.இ.டி. மாதிரி எரிந்துகொண்டே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். போய்விட்டால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியில் எரியும். வாங்கலாம், நல்ல பொருள். ஆனால் பேட்டரியில் வெளிச்சம் நன்றாகவே குறைந்துவிடும்: சமைக்கப் போதும், பிள்ளைகள் படிக்கப் பத்தாது.

எரியவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் பல்பைக் கழற்றி, அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளையும் ஈர விரலால் சேர்த்துத் தொடுங்கள். திருகு பல்பு என்றால் நுனியையும் திருகையும். எரிந்தால் பல்பு சரி. எரியாவிட்டால் வேறு நல்ல ஹோல்டரில் மாட்டி, சுவிட்சைப் போட்டு எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி தொட்டுப் பாருங்கள். அப்போதும் இருட்டு என்றால் பேட்டரி செத்துவிட்டது.

பலர் ஏமாறுவது ஒரு இடத்தில். டி.பி. போர்டில் (வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) விளக்கு பிரேக்கரை மட்டும் இறக்கிச் சோதிக்கிறார்கள், பல்பு எரியாது. சுவிட்ச் போட்டிருக்கிறதா என்பதை இந்தப் பல்பு, கம்பிக்கு அந்தப் பக்கம் மற்ற சாதனங்கள் வழியாக ஒரு சுற்றுப்பாதை கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. பிரேக்கர் இறங்கினால் அந்தப் பாதை அறுந்துபோகும். தெருவே இருட்டாகும்போது அதே பல்பு எரியும்.

விரலில் எரிந்து, மேலே மாட்டினால் எரியவில்லையா? ஹோல்டர்தான். இசிப்பிங்கோ, டோங்காட் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டுப் பித்தளை பச்சை பூத்துவிடும். பேயனட் ஹோல்டரில் (அமுக்கித் திருப்பி மாட்டும் வகை) இரண்டு ஸ்பிரிங் ஊசிகளையும் பாருங்கள்: ஒன்று உள்ளே அமுங்கியபடியே நின்றாலோ, பிளாஸ்டிக் கருகியிருந்தாலோ சுரண்டிப் பயனில்லை, ஹோல்டரையே மாற்ற வேண்டும். பேட்டரி இருப்பதால் இந்தப் பல்பு கனம். தளர்ந்த ஹோல்டரில் சாய்ந்து தொங்கும். கை வைக்குமுன் மெயினையே இறக்கி, இருமுனை டெஸ்டரால் (இரண்டு முனைகளை வைத்துக் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) பாருங்கள். சுவிட்சை நம்பாதீர்கள். பல வீடுகளில் விளக்கு லைன் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் போவதில்லை; ஷாக் அடித்தால் அது காப்பாற்றாது. கம்பி கருகியிருந்தால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுவிட்சில் சின்ன நியான் விளக்கு இருந்தால், அணைத்த பிறகும் பல்பு மினுக்கிப் பேட்டரியைத் தீர்க்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் போடவே கூடாது. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் வேண்டாம், சூடு பேட்டரியைத் தின்றுவிடும்.

வாங்கும்போது மூடியைத் திருகித் திறந்து 18650 பேட்டரியை (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) மாற்றக்கூடிய வகையாகப் பார்த்து எடுங்கள். ஈயம் வைத்து ஒட்டியதில் பேட்டரி போனால் பல்பும் குப்பைக்குத்தான்.