ராக்பாக்ஸ் ஏற்றிய கிளிப் பிளஸ்: ஃபிளாக்கை எதுவாக மாற்றுவது?

சான்டிஸ்க் கிளிப் பிளஸ் 2009இல் வந்த பிளேயர். கடையில் புதுசு கிடைப்பது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் வரை என் சட்டையில் தொங்குவது அதுதான். பார்க்காமலே அமுக்கலாம், மெமரி கார்டும் போடலாம். ஆனால் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கட்டாயம் ஏற்றிவிடுங்கள். கூடவே வரும் மென்பொருள் எம்பி3, ஃபிளாக் (ஒலியை எதுவும் இழக்காமல் சுருக்கும் ஃபைல் வகை) எல்லாம் பாடும், ஓபஸ் (எம்பி3 மாதிரியே நசுக்கிச் சின்னதாக்கும் புதிய வகை) பாடாது. ராக்பாக்ஸ் பாடும்.

எனக்கு ஓபஸ்தான் வேண்டும். அப்பா சேர்த்த சிடிகள் முழுக்க ஃபிளாக்காக வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒரு மணி நேரப் பாட்டு சுமார் 350 எம்பி பிடிக்கும். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) எம்பி3 ஆக்கினால் 144 எம்பி. ஓபஸ் 128இல் 60ஐத் தொடாது. 32 ஜிபி கார்டில் ஃபிளாக் 90 மணி நேரத்தோடு நின்றுவிடும். ஓபஸ் 500 மணி நேரத்தைத் தாண்டும்.

இடம் மிச்சமாகிறது என்பதற்காக ஒலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் ஃபூபார்2000 என்ற கணினி பிளேயரில் ஏபிஎக்ஸ் சோதனை வைத்து, எது எந்த ஃபைல் என்று தெரியாமலே கேட்டுப் பார்த்தேன். சோதனைக்குக் கடம் மாதிரி வேறு வாத்தியம் இல்லை. 128 எம்பி3இல் விரல் பானையில் விழுவதற்குச் சற்று முன்பே ‘ஸ்ஸ்’ என்று ஒரு மங்கல் கசிகிறது. ஜால்ரா ஓசை ஈரத்துணியால் மூடியது போல ஆகிறது. ஓபஸ் 128இல் அடி அடியாகவே விழுந்தது. ஃபிளாக்கிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கொருக்குப்பேட்டை தாண்டி வண்டி தடதடக்கும்போது 96 போதும்தான். ஆனால் ராத்திரி மொட்டை மாடியில் கேட்பதும் இதே கார்டில்தானே? அதனால் 128க்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்னொரு லாபம் கச்சேரி சிடிக்கு. ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றொலி ஒட்டிக்கொள்ளும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் பாட்டு நடுவில் விக்கும். ஓபஸில் அந்தக் கணக்கு ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. கிளிப்பில் ஒட்டே தெரியாமல் ஓடுகிறது.

குறையும் உண்டு. எம்பி3யைவிட ஓபஸுக்கு இந்தச் சின்ன சிப் அதிகம் உழைக்கிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. மாமா ஆட்டோவில் இருக்கிற ஸ்டீரியோ ஓபஸ் ஃபைலைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பென்டிரைவுக்கு லேம் என்கோடரில் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) வி2 என்ற தர அளவை வைத்து எம்பி3 போட்டுக் கொடுத்தேன். சராசரி 190 கேபிபிஎஸ், அருமையாகவே இருக்கிறது. பலருக்கும் பகிர்ந்துகொடுக்கிற பாட்டென்றால் எனக்கு அதுதான் சரி.

ஆனால் கிளிப்பில் இருக்கும் ஓபஸிலிருந்து எம்பி3 எடுக்காதீர்கள். ஒருமுறை நசுக்கியதை இன்னொருமுறை நசுக்கினால் தேய்வு இன்னும் கூடும். ஒவ்வொரு தடவையும் ஃபிளாக்கிலிருந்தே எடுங்கள், ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு நகலும் வைத்திருங்கள். கார்டு எங்கே வாங்கினாலும் முதல் நாளே முழுக்க நிரப்பி, கடைசிப் பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். அளவைக் கூட்டி எழுதிய போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன.