ஆப்பிளா, டெல்லா? பினாங்கிலிருந்து பங்கு வாங்கினால் எது தேவலை

மலேசியாவில், நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் டெல் ஆலை இருப்பதால் நம்மவர்களுக்கு அந்தப் பங்கின்மேல் தனிப் பிரியம். பிரியம் வேறு, கணக்கு வேறு.

2024 நிதியாண்டில் ஆப்பிள் விற்றது 391 பில்லியன் டாலருக்கு. அதில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே. ஹாங்காங், தைவான் சேர்ந்த சீனப் பகுதி மட்டும் 72.6 பில்லியனிலிருந்து 67 பில்லியனாகச் சரிந்தது. ஆனாலும் மொத்த விற்பனை ஏறியது. ஒரு சந்தை சறுக்கினால் இன்னொன்று தாங்குகிறது. அதனால்தான் நான் ஆப்பிள் பக்கம்.

டெல், 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 95.6 பில்லியன். கணினி விற்பனை லேசாக இறங்க, தூக்கிவிட்டது ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வேலைகளுக்கான சர்வர்கள்தான். டெல்லிலேயே வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்: சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் முடங்க வேண்டாம்.

கம்பெனி லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையில் 30% அமெரிக்கா வரியாகப் பிடித்துக்கொள்ளும். அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் மலேசியாவுக்கு இல்லை. ஆப்பிளின் ஈவு சொற்பம், வலி தெரியாது. ஈவை நம்பி டெல் வாங்குபவருக்குத்தான் உறைக்கும்.

நாணய மாற்று அபாயம் இரண்டுக்கும் பொது. 2024 பிப்ரவரியில் டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட், செப்டம்பர் கடைசியில் 4.12. பங்கு விலை டாலரில் அசையாமல் நின்றிருந்தாலே, ரிங்கிட் கணக்கில் உங்கள் பணத்தில் ஏழில் ஒரு பாகம் போயிருக்கும்.